சித்தேரி வழியும் வேடியப்பன் கல்லும்

பாலைவனம் பார்க்கவேண்டும் என்று வீட்டில் குழந்தைகள் கேட்டால், நம்மவர்கள் உடனே ராஜஸ்தானத்துக்கு ரயில் டிக்கட் வாங்குவதைப் பற்றி யோசிக்கிறார்கள். மணல் மேடும் ஒட்டகமும் இல்லாத இடம் பாலைவனமே அல்ல என்பது நம்முடைய அபிப்பிராயம். பழந்தமிழ்ப் புலவர்கள் இந்த விஷயத்தில் வேறு விதமாக நினைத்தார்கள். பாலை என்பது எங்கோ ஒரு தேசத்தில் கிடக்கும் மணற்காடு என்று அவர்கள் கருதவில்லை. மலையும் காடும் மழை பொய்த்து, வெயிலில் காய்ந்து, தம் இயல்பு திரிந்து நிற்கும் கோலமே பாலை என்றார்கள். சிலப்பதிகாரத்தில் இந்த இலக்கணம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இதன்படி, பங்குனியில் பாலையாகக் கிடக்கும் இடம் ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் மறுபடியும் குறிஞ்சியாகிவிடும்!

இந்த இலக்கணத்தைக் கண்ணால் கண்டு தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கோடைகாலத்தில் தர்மபுரி ஜில்லாவுக்கு வரவேண்டும். பாறையும் புதரும் புளியமரமுமாக நிலம் கிடக்கும். ஆறுகளுக்குப் பெயர் உண்டு. தண்ணீர் பெரும்பாலும் இராது. சித்தேரி மலையடிவாரத்தில் வள்ளிமதுரை என்னும் ஊரில் ஓர் அணை இருக்கிறது. அந்த அணை தடுத்து நிறுத்தும் ஆற்றின் பெயர் என்ன தெரியுமா? வரட்டாறு! பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லத் தெரியாதவர்கள். அதே சமயத்தில் அவர்கள் நம்பிக்கை இழந்தவர்களும் அல்ல. மேலேயுள்ள மலைக்குச் சித்தேரி, அதாவது சிறிய ஏரி என்று பொருள் கொள்ளத்தக்க பெயரை இட்டிருக்கிறார்களே!

இந்த வறண்ட பிரதேசத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒகேனக்கல் அருவியை எல்லோரும் அறிவார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சாலையோரத்தில் இருப்பவற்றைப் பற்றியே சொல்லப் போகிறேன். அவற்றைக் காண டிக்கட் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், வண்டியைச் சற்று நிறுத்தினால் போதும். அந்தக் காரியம்தான் நம்மால் ஆவதில்லை.

*

வழியோரத்து விநோதங்கள்

பாலைவனச் சாலைகளில் பிரயாணிகளின் கவனத்தை இழுப்பதற்கு உலகமெங்கும் மனிதர்கள் ஏதாவது செய்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பாலைவனத்துச் சாலை ஒன்றின் ஓரத்தில், மாடி வீட்டைப் போல் உயர்ந்த டைனோசர் உருவங்கள் நிற்கின்றன. சாலையோடு போகிறவர்களைச் சாப்பாட்டுக் கடைக்கு வரவழைப்பதற்காகவே ஒருவர் அவற்றைக் கட்டத் தொடங்கினார். நமது ராஜஸ்தானத்திலே, ஜோத்பூரிலிருந்து பாலி நகருக்குச் செல்லும் சாலையில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளுக்குக் கோயில் இருக்கிறது. அந்த வண்டியில் சென்று விபத்தில் இறந்த ஓர் இளைஞர் வழிப்போக்கர்களைக் காப்பாற்றுவதாக ஜனங்கள் நம்புகிறார்கள். லாரி ஓட்டுகிறவர்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள்.

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் வழியில் மாண்டவனுக்கு வழியிலேயே ஓர் அடையாளம் வைத்து, அவன் போகிறவர்களையும் வருகிறவர்களையும் காப்பான் என்று நம்புவது நமக்குப் புதிய காரியமா? தமிழ்நாட்டில் அதற்கு இரண்டாயிரம் ஆண்டு வயது இருக்கிறது. அதன் பெயர் நடுகல்.

பகைவர் கவர்ந்துகொண்டு போன பசுக்கூட்டத்தை மீட்கப் போரிட்டு விழுந்தவனுக்கும், ஊரைக் காக்கப் புலியோடு போராடி இறந்தவனுக்கும் கல் நட்டார்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அதை நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரையில் ஆறு கட்டங்களைத் தொல்காப்பியம் வரிசையாகக் கூறுகிறது. தேனி ஜில்லாவில் புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006-ஆம் ஆண்டில் கண்டெடுத்த நடுகற்களில், அசோகன் காலத்தைச் சார்ந்த எழுத்து முறையான தமிழ்ப் பிராமியிலே எழுதியிருக்கிறது. அவற்றில் ஒன்று ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனுக்கு எடுத்தது. ஆகவே சங்கப் புலவர்கள் பாடியது வெறும் கற்பனை அல்ல என்பது கல்லினாலேயே ருசுவாயிற்று.

அகநானூற்றுப் பாலைப் பாட்டு ஒன்றில் இப்படிப்பட்ட கல் ஒன்று வருகிறது. வழிப்பறிக்காரர்கள் அதன்மேல் அம்பைத் தீட்டித் தீட்டி அதன் பக்கங்கள் தேய்ந்துவிட்டன. எழுத்துக்கள் மங்கிவிட்டன. வழியோடு போகிறவர்கள் அதைக் கூட்டிப் படிக்க முடியாமல், களைப்போடு அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அன்றைக்குக் கால்நடையாகப் போனவர்களுக்கே படிக்கப் பொறுமை இல்லை என்றால், இன்றைக்கு மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற நம்மை யார் குறை சொல்ல முடியும்?

*

அதியமான் ஊர்

சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில்பாதையில் மொரப்பூர் என்று ஒரு ஸ்டேஷன் வருகிறது. சித்தேரிக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி, அரூர் வழியாக மலையை அடையலாம். முன்னொரு காலத்தில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1906-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தக் குறுகிய பாதை, இரண்டாவது உலக யுத்த காலத்தில் மூடப்பட்டுவிட்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரப் பயன்படும் என்ற எண்ணத்தில் இப்படிப்பட்ட பாதைகளைப் போடுவது அந்நாளைய வழக்கம். வறண்ட நாட்டில் ரயிலுங்கூட மழையை எதிர்பார்த்தே ஓடவேண்டியிருந்தது!

மலை ஏறுவதற்கு முன்னால் தர்மபுரிக்கு ஒரு நாள் ஒதுக்குவது நல்லது. இதுவே பழைய தகடூர் என்பது அறிஞர்களின் முடிவு. அதியமான் நெடுமான் அஞ்சி அரசாண்ட இடம். ஔவையாருக்கு அவன் நெல்லிக்கனி கொடுத்த கதையை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. அந்தக் கதை நாயகன் உண்மையில் இருந்தவன் என்பதற்கு 1981-ஆம் ஆண்டில் ஜம்பை என்னும் ஊரின் குகையில் சாட்சி கிடைத்தது. "சதியபுதோ" என்னும் பட்டத்தோடு அவன் பெயர் அங்கே தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறது. அசோக சக்கரவர்த்தியின் சாசனங்களில் சோழ, பாண்டிய, சேரர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்று வெகு காலம் நடந்த விவாதம் அதோடு தீர்ந்தது. சேரனோடு செய்த போரில் அதியமான் மாண்டான். அவனுக்கும் கல் நட்டார்கள். அந்தக் கல்லைப் பார்த்து ஔவையார் அழுது பாடினார். அவர் பாட்டு இருக்கிறது. அந்தக் கல் எது என்று இன்று நமக்குத் தெரியாது.

தர்மபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் அதியமான்கோட்டை என்ற ஊர் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே சென்னராயப் பெருமாள் கோயிலின் கூரையில் பழைய வர்ண ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்கும் வரையில் அண்ணாந்து பார்க்கலாம். தர்மபுரி நகரிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. ஜில்லாவெங்கும் கிடந்த நடுகற்களில் பலவற்றை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளை முதலில் இங்கே அழைத்துச் செல்லுங்கள். வில் பிடித்தவன், வாளும் கேடயமும் ஏந்தியவன், புலியைக் குத்துகிறவன், பன்றியைக் குத்துகிறவன், கணவனோடு தீயில் இறங்கிய மனைவி என்று வகை வகையாகக் காணலாம். ஒருமுறை இங்கே கண் பழகிவிட்டால், பிறகு சாலையோரத்துப் புளியமரத்தடியில் இருப்பதைக் கண் தானாகவே கண்டுபிடித்துவிடும்.

தர்மபுரியிலிருந்து மற்றொரு பக்கமாகப் போனால் பாப்பாரப்பட்டி. தேசபக்தர் சுப்பிரமணிய சிவா தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் அது. சிறையில் தொழுநோய் பற்றிக்கொண்டு வெளியே வந்த அவரை, அந்த நோயைக் காரணமாகக் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று அந்நாளைய சர்க்கார் தடுத்தார்கள். அவர் தளரவில்லை. காலால் நடந்தும் கட்டை வண்டியில் ஏறியும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார். 1923-ஆம் ஆண்டில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். ஆலயம் எழும்புவதற்கு முன்பே, 1925 ஜூலை 23-ஆம் தேதி, சிவா காலமானார். அவருக்கு மணிமண்டபமும், அவர் நினைத்த பாரத மாதாவுக்கு நினைவாலயமும் பிற்காலத்தில் ஏற்பட்டன. ரயிலில் ஏற அனுமதி இல்லாத ஒருவர் நடந்து சென்ற சாலைகள் இவை என்பதை, மோட்டாரில் போகும்போது ஒரு கணமாவது நினைத்துக்கொள்ளலாம்.

*

"சாமி சாகுமா?"

தர்மபுரியிலிருந்து கிழக்கே அரூரை நோக்கிச் சென்றால், சாலையின் இரு பக்கங்களிலும் நடுகற்களைக் காணலாம். ஆனால் "நடுகல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். "வேடியப்பன் கோயில் எங்கே?" என்று கேட்கவேண்டும். இந்த ஜில்லாவிலும் செங்கம் பக்கத்திலும் நடுகல் வீரனுக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் வேடியப்பன். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் வேடியப்பன் என்ற பெயர் அகப்படாமல் போகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவன் இன்றைக்கும் ஐந்தாம் வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டிருக்கிறான்!

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் மாணவர்கள் சிலரோடு அந்தப் பக்கம் போயிருந்தபோது, ஒரு புளியமரத்தடியில் இப்படி ஒரு கல்லைப் பார்த்தோம். கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் பூசி, முன்னால் சூலம் நட்டிருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், "பாட்டி, இது என்ன சாமி?" என்று கேட்டேன்.

"வேடியப்பனுங்க."

"அவர் யார்? எப்படி இறந்துபோனார்?"

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பையன்கள் என்னை "சார்" என்று கூப்பிட்டது அவள் காதில் விழுந்திருக்கவேண்டும்.

"சாமி சாகுமா? நல்லாக் கேட்டீங்க, வாத்தியாரே! ஆடு மாடு காணாமப் போனா இங்க வந்து வேண்டிக்குவோம். திரும்பி வந்துரும்."

பையன்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பாட்டி சொன்னதில் சரித்திரம் முழுதும் அடங்கியிருந்தது. காணாமற்போன மாட்டை மீட்கப் போய் ஒருவன் உயிரை விட்டான். அவன் பெயர் மறந்துபோயிற்று. அவன் மன்னன் பெயரும் மறந்துபோயிற்று. கல்லிலுள்ள வட்டெழுத்தைப் படிக்க ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் செய்த காரியம் மட்டும் மறக்கவில்லை. இன்றைக்கும் அந்த ஊர் ஆடுமாடுகளுக்குப் பொறுப்பாளி அவன்தான்.

படித்தவர்கள் கல்லில் எழுத்தைப் பார்க்கிறார்கள். பாட்டியைப் போன்றவர்கள் கல்லில் ஆளைப் பார்க்கிறார்கள். இந்த இரண்டு பார்வைகளும் ஒன்று சேர்ந்த நல்ல காலம் ஒன்று வந்தது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் 1970-களின் தொடக்கத்தில் கிராமம் கிராமமாகச் சென்று, வேடியப்பன் கோயில்களில் இருந்த கற்களைப் படியெடுத்தார்கள். டாக்டர் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூல் 1972-இல் வெளிவந்தது. பல்லவர் காலத்துத் தமிழ்நாட்டைப் பற்றி நமக்குத் தெரியாமலிருந்த எத்தனையோ சங்கதிகள் அதனால் வெளிச்சத்துக்கு வந்தன.

அவற்றில் ஒரு சங்கதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரூரிலிருந்து தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகத் திருவண்ணாமலைக்குச் சாலை போகிறது. அந்தப் பிரதேசத்தில் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்கேயுள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மனுடைய 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; வயது ஏறக்குறைய 1400. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற இளைஞனுடைய உருவம் அதில் இருக்கிறது. அவன் காலுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்!

மகேந்திரவர்மன் பெரிய ராஜா. மண்டகப்பட்டிலே செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் மலையைக் குடைந்து கோயில் எடுத்தவன். மத்தவிலாசம் என்ற நாடகம் எழுதியவன். அவனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்துகிறேன். பையன்களும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறார்கள். ஆனால் கோவிவனைப் பற்றிச் சொன்ன அன்று வகுப்பு முழுதும் நிசப்தமாக இருந்தது. கடைசிப் பெஞ்சிலிருந்த பையன் ஒருவன், "அந்த நாய் அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று கேட்டான். கல்லில் அவ்வளவுதான் இருக்கிறது என்று சொன்னேன். ஒரு ராஜாவின் ஆட்சியாண்டைக் குறித்துவிட்டு, அதே கல்லில் ஒரு நாய்க்கும் பெயரோடு இடம் கொடுத்தார்களே, அந்த ஊர் ஜனங்களின் மனசு எவ்வளவு விசாலமானது!

*

மலையடிவாரத்து ஊர்

அரூரைச் சுற்றிப் பார்க்க வேண்டியவற்றுள் தீர்த்தமலையும் ஒன்று. வறண்ட நாட்டில் பாறையிலிருந்து தண்ணீர் விழுந்தால் அது தீர்த்தமாகத்தானே இருக்கும்? ராமர், குமரர், கௌரி, அகஸ்தியர், அக்கினி ஆகியோர் பெயரால் ஐந்து தீர்த்தங்கள் அங்கே உண்டு. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் படியேறிவிட்டால், பக்தி உள்ளவர்களுக்குப் புண்ணியமும் மற்றவர்களுக்கு நல்ல காற்றும் நிச்சயம்.

அங்கிருந்து திரும்பிச் சித்தேரி மலையை நோக்கிப் போகும்போது, அடிவாரத்தில் வாச்சாத்தி என்ற சிறு கிராமம் இருக்கிறது. மலையாளி என்னும் பழங்குடியினர் பெரும்பாலும் வாழும் ஊர். இந்த ஊரைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போவது, எழுத்துள்ள கல்லைப் படிக்காமல் போவது போலாகும்.

சித்தேரி மலைக் காடுகளில் சந்தன மரம் இயற்கையாக வளர்வது. 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டைகளைப் பதுக்கியிருப்பதாகச் சொல்லி, வனத்துறை, போலீஸ், ரெவினியூ இலாகாக்களைச் சேர்ந்த பெரும் படை ஒன்று இந்த ஊருக்குள் புகுந்தது. பின்னால் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மட்டும் 269 பேர். ஊரார் ஆலமரத்தடியில் இழுத்து வந்து நிறுத்தப்பட்டனர். ஆண் பெண் என்றும் வயது என்றும் பாராமல் அடித்தார்கள். வீடுகள் நாசமாக்கப்பட்டன. ஆடுமாடுகளும் தானியமும் போயின. 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளாயினர். பலர் சிறைக்குப் போனார்கள். வெகு நாள் வரையில் அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று சாதித்தார்கள்.

படிப்பு அதிகம் இல்லாத அந்தப் பெண்கள், பழங்குடி மக்கள் சங்கத்தாரும் வேறு சிலரும் துணை நிற்க, கோர்ட்டுப் படி ஏறினார்கள். வருஷக் கணக்காக ஏறினார்கள். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தர்மபுரிக் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதியிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்மானமாயிற்று. அப்பீலை விசாரித்த ஹைக்கோர்ட் நீதிபதி 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்கு வந்து பார்த்தார். அதே ஆண்டு, அதே செப்டம்பர் 29-ஆம் தேதி, தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். நடந்ததற்கும் முடிந்ததற்கும் இடையில் 31 வருஷங்கள்!

உல்லாசப் பிரயாணக் கட்டுரையில் இது எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். குழந்தைகளிடம் எல்லாவற்றையும் விவரிக்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் இந்தப் பாதையில் கல் நட்ட முன்னோர்கள் எதைக் கௌரவித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வந்து புகுந்தவர்களை எதிர்த்து, தங்களுடையதைத் தாங்கள் காத்துக்கொள்ள நின்றவர்களையே கௌரவித்தார்கள். அந்தக் காலத்து வீரன் வில்லோடு நின்றான். வாச்சாத்திப் பெண்கள் கையில் ஆயுதம் இல்லாமல், சாட்சிக் கூண்டிலே நின்றார்கள். கருந்தேவகத்தியின் கதையைக் கல்லில் எழுதினார்கள். இவர்களுடைய கதை தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் வாசிப்பதற்கு ஆள் இருக்கும் வரையில்தான் பயன்படும்.

*

சித்தேரி

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. கீழே கானல் பறந்த நிலம், மேலே போகப் போகப் பசுமையாகிறது. மூங்கிலும் புளியும் பலாவும் தென்படுகின்றன. காற்றின் குணம் மாறுகிறது. புலவர்கள் சொன்ன குறிஞ்சி, பாலைக்கு மேலே சில ஆயிரம் அடி உயரத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. ஒரு பக்கம் சேர்வராயன் மலை, ஒரு பக்கம் கல்வராயன் மலை, வடக்கே ஜவ்வாது மலை. ஏற்காட்டில் இருப்பது போல் இங்கே படகுத் துறையும் ஹோட்டல் வரிசையும் இல்லை. இல்லாமல் இருப்பதுதான் இங்கே விசேஷம்.

மலையாளிகள் என்றால் கேரளத்தார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்பதுதான் பொருள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் புறப்பட்டு வந்து, ஆளுக்கொரு மலையாகப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று தங்கள் பூர்வீகத்தைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். பாகப் பிரிவினையில் கோர்ட்டுக்குப் போகாத சகோதரர்கள்!

இவர்களுடைய பழைய பயிர்கள் சாமை, தினை, கேழ்வரகு. நெல்லைப் போல் தேங்கிய தண்ணீரை இவை கேட்பதில்லை. சரிவான நிலமும் மழைக்காலத்துச் சில தூறல்களும் போதும். சாமையை உரலில் குத்தித் தவிடு நீக்கிச் சோறாக்குவது மெத்தச் சிரமமான வேலை. அந்தச் சிரமம் முழுதும் பெண்களுடையது. பட்டணத்துக் கடைகளில் இப்போது சாமை அரிசி அழகான பொட்டலங்களில் வருகிறது. 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபையார் கொண்டாடினார்கள். டாக்டர்களும் சிபாரிசு செய்கிறார்கள். நேற்று வரையில் ஏழைச் சோறு என்று நாம் ஒதுக்கியதை, இன்று நாமே விலை கொடுத்து வாங்குகிறோம். மலையில் ஒரு வீட்டில் எங்களுக்குச் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கிடைத்தன. காசு கொடுக்கப் போனபோது வீட்டுக்காரப் பெரியவர், "சோத்துக்குக் காசு வாங்குனா நல்லாவா இருக்கும், சார்? மறுபடி வரப்போ புள்ளைங்களுக்கு ஏதாச்சும் படிக்கப் புஸ்தகம் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

சமவெளியில் உள்ளவர்கள் தண்ணீருக்குப் பட்ட பாடும் இங்கேதான் விளங்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு என்னும் உப்பு அதிகம். தலைமுறை தலைமுறையாகப் பல்லில் கறையும் எலும்பில் நோவும் அதனால் ஏற்பட்டன. காவேரித் தண்ணீரை ஒகேனக்கல்லிலிருந்து குழாய் வழியாகக் கொண்டுவரும் பெரிய திட்டம் 2013-இல் நிறைவேறிய பிறகுதான் அந்தக் குறை தணிய வழி பிறந்தது. அருவியைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தச் செய்தியையும் தெரிந்துகொண்டு போனால், தண்ணீரின் அழகு இரு மடங்காகத் தோன்றும்.

*

பிரயாணிகளுக்கு

இந்தச் சுற்றுப் பிரயாணத்துக்கு மூன்று நாள் போதும். முதல் நாள் தர்மபுரி, அதியமான்கோட்டை, பாப்பாரப்பட்டி. இரண்டாம் நாள் அரூரும் தீர்த்தமலையும். மூன்றாம் நாள் சித்தேரி. மலையில் தங்கும் வசதிகள் சொற்பம். ஆகையால் பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிடுவது குடும்பத்தோடு போகிறவர்களுக்கு உசிதம். தண்ணீரும் பலகாரமும் கையோடு கொண்டு போங்கள். காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் கையோடு திரும்பக் கொண்டு வாருங்கள். மழைக்குப் பின்வரும் மார்கழி, தை மாதங்கள் மிகவும் நல்லவை. பாலையைப் பாலையாகவே பார்க்க விரும்பும் தைரியசாலிகள் சித்திரையில் போகலாம்.

கற்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். சாலைகளை அகலப்படுத்தும்போது பெயர்த்துப் போட்ட கற்கள் உண்டு. மதகுக்கு மூடு பலகையாகவும், துணி துவைக்கும் கல்லாகவும் போனவை உண்டு. பக்தி மிகுந்து எண்ணெய் வர்ணம் பூசியதால் எழுத்து அடைந்துபோனவையும் உண்டு. எங்கேயாவது கவிழ்ந்து கிடக்கும் கல்லில் வீரன் உருவமோ எழுத்தோ தென்பட்டால், அதைப் புரட்டவோ சுரண்டவோ வேண்டாம். கையிலுள்ள செல்போனில் ஒரு படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு தொல்லியல் துறையாருக்கோ, பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கோ தெரிவியுங்கள். கல்லை வீட்டுத் தோட்டத்துக்கு அலங்காரமாகக் கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்வி. இடத்தை விட்டுப் பெயர்த்த கல் பாதி ஊமையாகிவிடும். எந்த ஊர் மாட்டுக்காக அவன் இறந்தான் என்பதை அந்த இடமல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறது?

குழந்தைகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். வழியில் கண்ட ஒவ்வொரு கல்லையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரையச் சொல்லுங்கள். வீரன் எந்தக் கையில் வில் பிடித்திருக்கிறான், காலடியில் என்ன இருக்கிறது, அந்த ஊரார் அவனை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். என்னுடன் வந்த மாணவர்கள் அப்படிக் குறித்த கற்கள் பதினொன்று. அவற்றில் மூன்றின் அருகே நாய் உருவம் இருக்கிறதா என்று அவர்கள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் மறுபடியும் போய்ப் பார்த்துத் தீர்மானிப்பதாக ஏற்பாடு. பெரியவர் கேட்ட புத்தகங்களையும் அப்போது எடுத்துக்கொண்டு போகவேண்டும்.